பூஜ்ஜியம் புள்ளி மூன்று

செவ்வாய்தோறும் காலை ஏழரைக்கு
ரோச்சோர் கால்வாயைத் தாண்டி வருகிறேன்.
முதுகுப்பையில் டார்ச், பிரஷ், குறிப்பேடு,
பாதி குடித்த தே-ஓ.
கும்பிட வருகிறவன் இல்லை நான்.
சுவரைப் பார்க்கத்தான் சம்பளம்.

கோவிலுக்கு அடியில் ரயில் ஓடப்போகிறது.
முப்பது மீட்டர் ஆழத்தில் ஓர் இயந்திரம்
களிமண்ணைத் தின்றபடி
நாளுக்கு ஏழு மீட்டர் நகர்கிறது.
மேலே பதினெட்டு விரிசல்கள்,
பதினெட்டு மானிகள்,
ஒவ்வொன்றிலும் தலைமுடி கனத்தில்
ஒரு சிவப்புக் கோடு.

உபதேசியார் ஞானாதிக்கம்
"வாங்க சுவர் டாக்டர்" என்பார்,
சாவிக்கொத்தை இடுப்பில் குலுக்கிக்கொண்டு.

வாசல் கல்வெட்டில் ஆயர் பெயர்,
அதற்குக் கீழே நான்கு வரி லத்தீன்.
கட்டியவர்களைத் தேடினால்
கண்ணாடிப் பெட்டிக்குள், கரையான் மிச்சம்வைத்த
வரவுப் புத்தகத்தில் இருக்கிறார்கள்:
பால்கார மரியான், அரை வெள்ளி.
தொங்கான் சுமக்கும் அடைக்கலம், கால் வெள்ளி, பாக்கி.
பேர் சொல்லாதவள், ஒரு மூக்குத்தி.
வண்டிக்கார சவரியான்,
மாதம் எட்டு நடை மணல், தர்மம்.

தர்ம மணல் கடல் மணல்.
அலசாமலே கொட்டியிருக்கிறார் சவரியான்.
நூறு வருஷத்துக்கு மேலாகியும்
தெற்குச் சுவர் மழைக்குப் பின் உப்பைக் கக்குகிறது.
பிரஷால் தள்ளிவிடுவேன்,
அடுத்த வாரம் மறுபடி பூத்திருக்கும்.
ஒருமுறை, யாரும் பார்க்காதபோது,
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
நாகப்பட்டினத்தில் கப்பலேறியவருக்கு
அந்த ருசி
புதிதாய் இருந்திருக்காது.

பதினோராம் எண் விரிசல்
அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால்.
அதில்தான் தொல்லை.
தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதராம்;
விண்ணப்பப் பெட்டி பக்கத்திலேயே இருந்தும்
ஜனம் சீட்டை விரிசலில் செருகுகிறது.
சுவருக்குள் போனால் சீக்கிரம் சேருமோ என்னவோ.
இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்து
மைலோ டின்னில் போட்டு,
அளந்து, எழுதி,
எடுத்த வரிசையிலேயே திரும்பச் செருகுவேன்.
படிப்பதில்லை. அது என் வேலையில் சேராது.

ஆனால் அன்று ஒன்று தானாய் விரிந்தது.
பாதுகாப்புக் கூட்டத் தாளின் முதுகில், பென்சிலில்:

"அந்தோணியாரே, நான் கீழ நைட் ஷிப்டு.
மெசினு உங்க பீடத்துக்கு நேரா வாறது வியாழக்கிழமை.
மேல ஒண்ணும் ஆவக்கூடாது.
கீழயும்."

பெயர் இல்லை. ஹெல்மெட் எண் 4417.

வியாழன் எனக்கு முறை இல்லாத நாள்.
இரவு பத்தரைக்கு, பூட்டிய கேட்டுக்கு வெளியே,
கைக்கு எட்டிய சுவரில்
உள்ளங்கையை வைத்து நின்றேன்.
ஓஃபிர் ரோட்டில் பஸ் போனால் அதிர்கிறது.
பஸ் போய்விட்டால் இல்லை.
சப்ளா விற்றுத் திரும்பிய ஒருவர்
தள்ளுவண்டியை நிறுத்தி
"என்னா பாய், உடம்புக்கு முடியலயா?" என்றார்.

வெள்ளிக்கிழமை, கணக்கில் இல்லாத ஓர் அளவு எடுத்தேன்.
பதினோராம் எண்: பூஜ்ஜியம் புள்ளி மூன்று.
போன வாரமும் அதே.
அதன் முந்தின வாரமும்.

அறிக்கையில் எழுதுவதை
ஒரு துண்டுத் தாளிலும் எழுதினேன்:
4417க்கு. 0.3. மாற்றமில்லை.
இரண்டாய் மடித்து விரிசலில் வைத்தேன்.
யாருடைய கைக்கு என்று
யோசிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் அது அங்கே இல்லை.
உபதேசியார் பெருக்கியிருக்கலாம்;
ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வந்த
முந்நூறு பேரில் ஒருவர் எடுத்திருக்கலாம்.
அந்த இடத்தில் வேறொரு சீட்டு,
நான்காய் மடித்து, ஓரத்தில் களிமண்.

பிரிக்கவில்லை.
இடுக்கியால் எடுத்து டின்னில் போட்டேன்.
அளந்தேன்.
திரும்ப வைத்தேன்.
தெற்குச் சுவரில் உப்பு பூத்திருந்தது.
பிரஷைத் தேடினேன்.